கிணற்றுக்குள் எத்தனை வெயில்?

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் திண்டுக்கல்லில் நண்பகல் நிழல் காணாமல் போகும். ஏப்ரல் 16, 17 தேதிகளில், பகல் 12 மணி 18 நிமிடத்தை ஒட்டி, சூரியன் ஊருக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். கோடை விடுமுறையை ஒட்டிய நாட்கள் அவை. ஆத்தூர்ப் பக்கமோ வேடசந்தூர்ப் பக்கமோ நிலக்கோட்டைப் பக்கமோ, தண்ணீர் கிடக்கிற தோட்டக் கிணறு எதுவானாலும் அந்த நேரத்தில் அதில் பிள்ளைகள் இருப்பார்கள். மேட்டிலிருந்து ஓடிவந்து குதிப்பதும், பல்டி அடிப்பதும், அடி வரைக்கும் போய் மண் அள்ளிவந்து காட்டுவதும், படியேறி மறுபடி குதிப்பதுமாகப் பொழுது போகும். யாருக்கும் வெயில் தெரியாது.

வெயில் தெரியாமல் இருப்பதற்குக் காரணம் தண்ணீர். நம் தோலில் சூட்டை உணரும் நரம்பு உண்டு. புற ஊதாவை உணரும் நரம்பு கிடையாது. ‘வெயில் உறைக்கிறது’ என்று நாம் சொல்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்புக் கதிரும் தோலில் ஏற்றும் சூட்டைத்தான். அந்தச் சூட்டைத் தண்ணீர் உடனுக்குடன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. புற ஊதாவோ தோலுக்குள் நுழைந்து செல்களின் டிஎன்ஏவைக் கெடுக்கும் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. அதன் விளைவான எரிச்சல் மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ராத்திரி பாயில் மல்லாந்து படுக்க முடியாமல் “முதுகு எரியுதும்மா” என்று பையன் முனகும்போது, அந்த எரிச்சலுக்குக் காரணமான நேரம் முடிந்து அரை நாள் ஆகியிருக்கும்.

உடம்பு முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைக் கருவிதான் சொல்ல வேண்டும். தண்ணீரில் விளையாடும் ஒருவர் மேல் விழும் புற ஊதாவை எப்படி அளப்பது என்பது கேட்க எளிதாக இருந்தாலும், அதற்குள் இயற்பியல் நிறைய இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்கு அந்த அளவீட்டின் வரலாற்றிலேயே ஓர் இடமும் இருக்கிறது.

புற ஊதாவில் மூன்று பிரிவுகள். 100 முதல் 280 நானோமீட்டர் வரையிலான ‘சி’ பிரிவைக் காற்று மண்டலம் முழுக்கத் தடுத்துவிடுகிறது. 280 முதல் 315 வரையிலான ‘பி’ பிரிவில் பெரும்பகுதி ஓசோனில் அடிபட்டு, மிச்சம் தரைக்கு வருகிறது. 315 முதல் 400 வரையிலான ‘ஏ’ பிரிவு ஏறக்குறைய தடையில்லாமல் வருகிறது. தரையில் விழும் புற ஊதாவில் 95 சதவீதத்துக்கு மேல் ‘ஏ’தான். ஆனால் தோலைச் சுடுவதில் ‘பி’யின் வலு மிக அதிகம். 298 நானோமீட்டர்க் கதிரின் வலுவை 1 என்று வைத்தால், வெறும் 22 நானோமீட்டர் தள்ளி 320இல் அது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வலு வேறுபாட்டை மெக்கின்லே, டிஃபி என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் 1987இல் ஒரு வளைகோடாக வகுத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு அலைநீளத்தின் அளவையும் அந்த வளைகோட்டின்படி நிறுத்து, எல்லாவற்றையும் கூட்டி, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று பார்த்து, அதை 40ஆல் பெருக்கினால் வருவதுதான் புற ஊதாக் குறியீடு. கனடா 1992இல் இந்தக் குறியீட்டை முதலில் மக்களுக்கு அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் உலக வானிலை அமைப்பும் அதைப் பொதுவாக்கி 2002இல் விரிவான கையேடு வெளியிட்டன. அதன்படி 3 வந்தாலே பாதுகாப்பு வேண்டும். 8லிருந்து மிக அதிகம். 11ஐத் தொட்டால் உச்சபட்சம், அதற்கு ஊதா நிறம்.

திண்டுக்கல் சமவெளியில் வானம் தெளிவாக இருக்கும் சித்திரை நண்பகலில் இந்த எண் 12ஐத் தாண்டும். சூரியன் செங்குத்தாக நிற்பது ஒரு காரணம். தலைக்கு மேல் ஓசோன் மெலிந்திருப்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவது சங்கதி உலகத்துக்குத் தெரியவந்ததில் கொடைக்கானலுக்குப் பங்கு உண்டு.

சென்னையிலிருந்து சூரிய ஆய்வு மலையேறி, 1899இல் கொடைக்கானலில் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் ஆய்வுக்கூடம் அமைந்தது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். பலருக்கும் தெரிந்த கதை அது. அதிகம் பேசப்படாத கதை ஓசோனுடையது. ஆக்ஸ்போர்டில் ஜி. எம். பி. டாப்சன் 1924இல் ஒரு கருவி செய்தார். சூரிய ஒளியை நிறமாலையாக விரித்து, குளோரின், புரோமின் ஆவி நிரப்பிய வடிகட்டியால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை விலக்கி, புற ஊதாவை மட்டும் புகைப்படத் தகட்டில் பதியவைக்கும் கருவி. ஓசோன் பலமாக உறிஞ்சும் ஓர் அலைநீளம், பெரிதாக உறிஞ்சாத பக்கத்து அலைநீளம் ஒன்று. தகட்டில் இந்த இரண்டின் கருமையையும் ஒப்பிட்டால், வழியில் எவ்வளவு ஓசோன் குறுக்கிட்டது என்று கணக்கிடலாம். முதலில் ஐரோப்பாவில் சில இடங்களில் வைத்துப் பார்த்தார். பிறகு, 1928இல், அந்தக் கருவிகளை உலகெங்கும் பிரித்து அனுப்பினார்: கலிபோர்னியாவின் டேபிள் மவுண்டன், எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், நம் கொடைக்கானல். ஒளி பட்ட தகடுகள் ஆக்ஸ்போர்டுக்கே திரும்பிப் போய் அங்கேதான் கழுவி அளக்கப்பட்டன.

கொடைக்கானல் தகடுகள் சொன்ன செய்தி தெளிவானது. வடக்கே குளிர்நாடுகளில் ஓசோன் அளவு வசந்தத்தில் ஏறி இலையுதிர் காலத்தில் இறங்குகிறது. இங்கேயோ ஆண்டு முழுவதும் குறைவாகவே, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கிறது. தலைக்கு மேலுள்ள ஓசோனையெல்லாம் கீழே கொண்டுவந்து தரைமட்ட அழுத்தத்தில் பரப்பினால் கொடைக்கானலில் கிடைப்பது சுமார் 2.6 மில்லிமீட்டர்ப் படலம், அதாவது 260 டாப்சன் அலகு. ஐரோப்பாவில் வசந்த காலத்தில் இது 350ஐயும் தாண்டும். ஓசோன் ஒரு சதவீதம் குறைந்தால் தோலைச் சுடும் கதிர் 1.2 சதவீதம்போல் கூடும் என்பதால், இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். மார்கழி நண்பகலில் திண்டுக்கல்லில் சூரியன் அடிவானத்துக்கு 56 பாகை மேலே நிற்கும். லண்டனில் கோடையின் உச்சமான ஜூன் நண்பகலில் 62 பாகை. லண்டன் சூரியன்தான் உயரம், ஆனாலும் அங்கே ஓசோன் தடிமன். அதனால் லண்டனின் உச்சக் கோடைக் குறியீடு 7, 8 என்று நிற்க, நம்முடைய பனிக்காலத்து நண்பகல் 8, 9 என்று அதைத் தாண்டிப்போகிறது. மார்கழியில் நமக்கு வெயில் இதமாகத்தான் தெரியும்.

காலண்டரும் நம்மை ஏமாற்றுகிறது. கத்தரி வெயிலைக் கண்டு வீட்டுக்குள் இருப்பவர்கள் ஆடிப்பெருக்கன்று குடும்பத்தோடு தண்ணீருக்குப் போவார்கள். ஆடிக் காற்று வீசுகிறது, பழனி மலையைத் தாண்டி வரும் மேகத் துண்டுகள் அவ்வப்போது நிழல் கொடுக்கின்றன, உடம்புக்குச் சுகம். சூரியனோ அன்றைக்கு நேர் உச்சியிலிருந்து 7 பாகைதான் விலகியிருக்கும். ஆகஸ்ட் 26 வாக்கில் மறுபடி நேர் உச்சிக்கே வந்துவிடும். மேக இடைவெளியில் வெயில் அடிக்கும்போது மேகத்தின் வெள்ளை விளிம்புகள் சிதறிவிடும் கதிரும் சேர்ந்துகொண்டு, தெளிந்த வானத்தைவிடக் கூடுதலான குறியீடு சில நிமிடங்களுக்குக் கிடைப்பதும் உண்டு. மெல்லிய மேகம் புற ஊதாவை அநேகமாக அப்படியே விட்டுவிடும். ஆடி மாத நண்பகலுக்கும் கத்தரி நண்பகலுக்கும் வெப்பமானியில் பல டிகிரி வித்தியாசம்; புற ஊதாமானியில் அவ்வளவாக இல்லை.

குறியீடு சொல்வது அந்த நிமிடத்தின் வேகத்தை மட்டும். மழையில் ‘இப்போது எவ்வளவு வலுவாகப் பெய்கிறது’ என்பதும், ‘மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது’ என்பதும் வேறு வேறு அல்லவா, அப்படித்தான் இதுவும். தோலுக்குக் கணக்கு மொத்தத்தில். அந்த மொத்தத்தை அளக்க ‘நியம எரித்தீமா அளவு’ என்றோர் அலகு வைத்திருக்கிறார்கள் (எரித்தீமா என்றால் தோல் சிவத்தல்). சதுர மீட்டருக்கு 100 ஜூல். இங்கே சுருக்கமாக அளவு என்றே சொல்கிறேன். கணக்கு எளிது: குறியீட்டை மணி நேரத்தால் பெருக்கி, அதை 0.9ஆல் பெருக்கினால் போதும். சித்திரையில் பகல் 11லிருந்து 1 வரை கண்மாயில் கிடந்தால், சராசரிக் குறியீடு 11 என்று வைத்தாலும், 11 × 2 × 0.9, ஏறக்குறைய 20 அளவு. அதே பையன் காலை ஆறரைக்குப் போய் எட்டு மணிக்குக் கரையேறினால் ஒன்று, ஒன்றரை. அதே கண்மாய், அதே தண்ணீர், பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். வெளுத்த தோல் சிவக்க 2 அல்லது 3 அளவு போதும். நம் தோலுக்கு 6லிருந்து 10 வரை, சிலருக்கு அதற்கும் மேல் தாங்கும். இருபதைத் தாங்கும் தோல் அபூர்வம்.

நம் நிறமே கவசம் என்ற நம்பிக்கை நம்மிடம் பலமாக உண்டு. மெலனின் காப்பது உண்மை. இந்தியாவில் தோல் புற்றுநோய் குறைவு என்பதும் உண்மை. ஆனால் வெள்ளைத் தோலில் சிவப்பு என்ற எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கறுத்த தோலில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. முகத்தில் மங்கு படிவது, தோல் தடித்துச் சுருங்குவது எல்லாம் வருடங்கள் கழித்து வருபவை. சிவப்பைப் பார்த்து அளவை ஊகிக்க வழியில்லாத நமக்குத்தான் கருவி கூடுதலாகத் தேவை. ஆய்வுகளோ பெரும்பாலும் டென்மார்க்கின் கடற்கரையிலும் ஆஸ்திரேலியாவின் அலைச்சறுக்கு வீரர்களிடமும் நடந்திருக்கின்றன. நம் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் யாரும் அளவுகோல் எடுத்து வந்ததாக நான் கண்டதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் குறை.

கைபேசியில் தெரிகிற குறியீட்டை வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. அது கைபேசி அளந்தது அல்ல. செயற்கைக்கோள் தரும் ஓசோன் அளவையும் சூரியனின் உயரத்தையும் மேகக் கணிப்பையும் வைத்து எங்கோ ஒரு கணினி போட்ட கணக்கு. அதுவும் திறந்த வெளியில் தரைமட்டமாகக் கிடக்கும் ஒரு பலகைக்கான கணக்கு. மனித உடம்பு பலகை இல்லை. உச்சி வெயிலில் நிற்பவரின் தலையும் தோளும் முழுக் குறியீட்டை வாங்கும். நெஞ்சும் முதுகும் செங்குத்தாக இருப்பதால் அதில் ஒரு பகுதியைத்தான் வாங்கும். அவரே குப்புற நீந்தினால் முதுகு பலகையாகிவிடுகிறது. தண்ணீர் விளையாட்டில் உடம்பு நிமிடத்துக்கு நிமிடம் கோணம் மாறுகிறது. ஆகவே அளக்க வேண்டிய இடம் வானிலை நிலையத்தின் மாடி அல்ல, பையனின் தோள்.

தோளில் அளக்க வழி 1976இல் வந்தது. பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக்கை 40 மைக்ரான் தடிமனில், ஒரு முடியின் பருமனுக்கும் குறைவான படலமாக வார்த்து, நடுவில் ஓட்டை உள்ள சின்ன அட்டைச் சட்டத்தில் ஒட்டுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பேட்ஜ் மாதிரி சட்டையில் குத்திக்கொள்ளலாம். புற ஊதா பட்டால் இந்தப் படலம் கெட்டுப்போகிறது, அதுவும் மனிதத் தோல் கெடும் அலைநீளங்களிலேயே ஏறக்குறைய அதே விகிதத்தில். அணிவதற்கு முன்பும் பின்பும் 330 நானோமீட்டர் ஒளி இதை எவ்வளவு ஊடுருவுகிறது என்று ஆய்வகத்தில் பார்த்தால், இடையில் பட்ட மொத்த அளவு தெரிந்துவிடும். மின்கலம் வேண்டாம், விலை மலிவு, தொலைந்தால் வருத்தமில்லை.

நம் ஊர் வெயிலில் அதற்கு ஒரு சிக்கல்: சில மணி நேரத்திலேயே படலம் நிறைவடைந்து, அதற்கு மேல் எதையும் பதியாது. நாள் முழுக்க அணிய வேண்டுமானால் பிபிஓ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு படலம் இருக்கிறது. அது பல நாள் தாங்கும், தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். தண்ணீரில் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்றில் தரம் பார்த்த உணரியை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்தினால் அது பொய் சொல்லும். ஒளி காற்றிலிருந்து உணரிக்குள் நுழைவதும் தண்ணீரிலிருந்து நுழைவதும் ஒரே மாதிரி இல்லை. முகப்பில் திரும்பிப்போகும் பங்கு மாறுகிறது. ஆகவே தண்ணீருக்கென்று தனியாகத் தரம் பார்க்க வேண்டும். மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் துளிகளும் ஈர மண்ணும் வேறு கணக்கைக் குழப்பும். சில விநாடிக்கு ஒருமுறை பதிவு செய்யும் மின்னணு மானிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றின் பெரிய பயன், எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது அளவு ஏறியது என்று காட்டுவது.

கிணற்றுக்கு இப்போது வருகிறேன். அதன் வடிவமே ஒரு புற ஊதாக் கருவி மாதிரி வேலை செய்கிறது. 30 அடிக்கு 30 அடி சதுரக் கிணறு, தண்ணீர் 30 அடி கீழே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் நடுவில் மிதக்கும் ஒருவருக்கு நேர் வெயில் கிடைக்க வேண்டுமானால் சூரியன் உச்சியிலிருந்து 27 பாகைக்குள் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போனால் கிணற்றுச் சுவர் மறைத்துவிடும். சித்திரையில் அந்த நேரம் ஏறக்குறைய காலை பத்தரையிலிருந்து பிற்பகல் இரண்டு வரை. அதற்கு முன்னும் பின்னும் அவர் நிழலில்தான் இருக்கிறார்.

நிழல் என்றால் முழுப் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. புற ஊதா நீல ஒளியையும்விட அதிகமாகக் காற்றில் சிதறுகிறது. தோலைச் சுடும் கதிரில் பாதி சூரியத் திசையிலிருந்து வராமல் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது. குடையின் நிழலில் உட்கார்ந்தும் கறுத்துப்போவது அதனால்தான். கிணற்றுக்குள் இந்த வானமும் சுருங்கிவிடுகிறது என்பதுதான் விசேஷம். நடுவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் வானத் துண்டிலிருந்து வருவது, திறந்த வெளியில் வானம் தரும் அளவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். காலை ஒன்பதரைக்கு வயலில் குறியீடு 6ஐத் தாண்டியிருக்கும். அதே நேரம் கிணற்றின் நடுவில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். உச்சி வேளையில்கூட மேலே 12 என்றால் கீழே 7, 8தான். மார்கழியில் இன்னும் விநோதம்: நண்பகலில் வெயில் தெற்கு விளிம்பைத் தாண்டி 20 அடி தள்ளித்தான் தண்ணீரைத் தொடும். வடக்குச் சுவரை ஒட்டிய 10 அடிப் பட்டையில் மட்டும் வெயில். மீதியில் அன்று முழுவதும் நேர் வெயிலே படாது.

ஆனால் கிணற்றில் குளிக்கும் பிள்ளைகளைக் கவனித்தால், தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைவிட வெளியே இருக்கும் நேரம் பெரும்பாலும் அதிகம். படியில் ஏறுகிறார்கள், துலாக்கல்லில் உட்கார்கிறார்கள், மேட்டில் வரிசை கட்டி நிற்கிறார்கள். ஈர முதுகோடு மேட்டில் நிற்கும் அந்த நேரத்துக்கு முழுக் குறியீடு. நிரம்பித் ததும்பும் கிணற்றுக்கோ இந்தச் சுவர்ப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அது ஒரு குளம்தான். தோளில் மின்னணு மானி கட்டிக் குதிக்கவைத்தால் இது ஏணியும் பள்ளமுமாகக் கோட்டில் தெரியும். எத்தனை நிமிடம் கீழே, எத்தனை நிமிடம் மேலே என்பதைப் பொறுத்து இரண்டு பையன்களின் அளவு இரண்டு மூன்று மடங்கு வேறுபடலாம்.

கண்மாயிலும் அணையிலும் சுவர் கிடையாது, முழு வானமும் திறந்து கிடக்கும். கரையில் நிற்கும் கருவேலத்தின் நிழல் சல்லடை நிழல். தண்ணீர்ப் பரப்பு திருப்பி அனுப்பும் புற ஊதா நாம் நினைப்பதைவிடக் குறைவு: அமைதியான நீரில் பத்து சதவீதத்துக்கும் கீழ். காய்ந்த மணல் 15 சதவீதம் திருப்பும், வெண்நுரை 25. தண்ணீருக்குள் மூழ்கினால் தப்பிக்கலாம் என்பது தண்ணீரின் தெளிவைப் பொறுத்தது. தெளிந்த நீரில் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் விழுவதில் 40 சதவீதம் இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு. செம்மண் கரைந்த, இலைதழை ஊறிய கண்மாய்த் தண்ணீரில் சாணளவு ஆழத்துக்குள் பெரும்பகுதி காணாமல் போய்விடும். கலங்கல் நீர் வேறு எதற்கு ஆகாவிட்டாலும் இதற்கு ஆகும்.

இதே மாவட்டத்தின் மேல்மாடி கொடைக்கானல் ஏரி. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் உருவான அந்த ஏரி சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா 10 முதல் 12 சதவீதம் கூடும். திண்டுக்கல்லிலிருந்து போனால் ஏறுவது 1,800 மீட்டர். அதாவது மூடுபனி இல்லாத நண்பகலில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படகில் போகிறவரின் முகத்தில், வியர்த்து வழியும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நிற்பவரைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக விழுகிறது. சூட்டுக்கும் புற ஊதாவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது. இரண்டு இடங்களும் மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன.

உடுப்பைப் பற்றி ஒரு செய்தி. பனியனோடு தண்ணீரில் இறங்கினால் போதும் என்று தாய்மார்கள் நினைப்பதுண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி உலர்ந்திருக்கும்போது புற ஊதாவை ஏழில் ஒரு பங்காகக் குறைக்கும். நனைந்தால் மூன்றில் ஒரு பங்காக மட்டும். நூல்களுக்கிடையே காற்று இருக்கும்வரை ஒளி அங்கே சிதறித் திரும்புகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் துணி ஒளிபுகக் கூடியதாகிவிடுகிறது, நனைந்த வெள்ளை வேட்டியில் கால் தெரிவது போலவே. சாயம் ஏறிய, நெருக்கமாக நெய்த துணி நனைந்தாலும் நன்றாகத் தடுக்கும். சின்னாளபட்டியில் நெசவாகும் அடர்நிறப் பருத்தித் துணிகளை உலர்ந்த நிலையிலும் நனைந்த நிலையிலும் மானிக்கு மேல் விரித்துப் பார்ப்பது ஒரு பள்ளிக்கூடம் ஒரு நாளில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வு.

மானி இல்லாதவருக்கு நிழலே மானி. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் குறியீடு ஏறக்குறைய 5, 6ஐத் தாண்டிவிட்டது என்று பொருள். சித்திரையில் அது காலை ஒன்பதே காலிலிருந்து மாலை மூன்று இருபது வரை. மார்கழியில் பத்தே காலிலிருந்து இரண்டே கால் வரை. வெயிலே ஆகாது என்று சொல்ல வரவில்லை. வைட்டமின் ‘டி’ உருவாக அதே ‘பி’ பிரிவுக் கதிர்தான் வேண்டும். கை கால் முகத்தில் கொஞ்ச நேரம் படட்டும். இரண்டு மணி நேர உச்சி வெயில் அதற்குத் தேவையில்லை.

கேரளம் இதில் நமக்கு முந்திக்கொண்டது. 2025 கோடையில் அம்மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புற ஊதாக் குறியீட்டை மாவட்டவாரியாக அறிவித்து எச்சரித்தது. மலைக்கு அந்தப் பக்கம் அளக்கப்படும் சூரியன்தான் இந்தப் பக்கமும் காய்கிறது.

அளவீட்டில் எல்லாரும் தோலையே பார்க்கிறார்கள். எனக்குக் கவலை கண்ணைப் பற்றி. கண்ணுக்குள் இருக்கும் லென்சுக்குக் கறுப்புத் தோல், வெள்ளைத் தோல் என்ற பாகுபாடு கிடையாது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியான ஆய்வு இதில் முக்கியமானது. ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டுகள், எந்தப் பருவத்தில், தொப்பியோடா தொப்பியில்லாமலா நீரில் வேலை செய்தார் என்று கேட்டு, களத்தில் எடுத்த அளவீடுகளோடு சேர்த்து, அவரவர் கண்ணில் பட்ட வாழ்நாள் அளவைக் கணக்கிட்டார்கள். அந்த அளவு இரட்டிப்பானால் ஒருவகைக் கண்புரைக்கான அபாயம் 1.6 மடங்காகிறது என்று தெரிந்தது. பொழுதுபோக்குக்கு வருடத்தில் சில நாள் தண்ணீருக்குப் போகிறவரை விட, அதே தண்ணீரில் பரிசலில் வலை விடுபவரும், ஏரியில் துடுப்புப் போடுபவரும், கண்மாய்க் கரையில் துணி வெளுப்பவரும் பல மடங்கு வாங்குகிறார்கள். கடற்கரை விடுமுறையை அளக்கும் ஆய்வுகளில் இவர்கள் இல்லை.

கண்ணின் கணக்கு தோலின் கணக்கும் அல்ல. உச்சி வேளையில் புருவ எலும்பும் இமையும் கண்ணுக்கு இறவாரம் மாதிரி நின்று மறைத்துவிடும். சூரியன் 40 பாகை உயரத்துக்கு இறங்கும்போதுதான் கதிர் நேரே கண்ணுக்குள் போகிறது. பொம்மைத் தலையின் கண்குழியில் உணரிகள் பொருத்திச் சூரியனுக்கு எதிரே வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இதைக் காட்டினார்கள்: கண்ணில் விழும் அளவு நண்பகலில் உச்சம் அடையவில்லை; காலை ஒன்பது மணியை ஒட்டியும் பிற்பகல் மூன்றை ஒட்டியும் இரண்டு சிகரங்கள். மீன்பிடிப்பவர் காலை வெயில் ஏறியபின் கிழக்கு நோக்கி வலை இழுக்கும் நேரமும், பரிசலை மறுபடி மேற்கே தள்ளும் நேரமும் இவை. சூரியன் இறங்க இறங்கத் தண்ணீர்ப் பரப்பு திருப்பி அனுப்பும் பங்கும் கூடும். அது கீழிருந்து வருவதால் தொப்பி விளிம்பு அதைத் தடுக்காது. ஆத்தூர் காமராஜர் அணையிலோ மருதாநதி அணையிலோ பரிசல் ஓட்டும் ஒருவரின் தொப்பி விளிம்புக்கு மேலே ஒரு படலமும் கீழே, கண்ணின் மட்டத்தில், இன்னொரு படலமும் ஒரு வாரம் இருந்தால், இந்த இரண்டு பங்கையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.